மூக்கில் அடிக்கும் தலையிடி மருந்து: பதினான்கு தடவை பாவித்த பிறகு

போன வைகாசியில் டாக்டர் எனக்கு சுமாட்ரிப்டான் மூக்கு ஸ்பிரே எழுதித் தந்தார். 20 மில்லிகிராம், ஒரு தடவைக்கு ஒன்று. அன்றிலிருந்து மாசிக் கடைசி வரை பதினான்கு தடவை பாவித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், தலையின் எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் இறங்கியது, சத்தி வந்ததா என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். அளந்து பார்க்காமல் ஒன்றை நல்லது என்றோ கூடாது என்றோ சொல்ல மனம் வருவதில்லை.

எனக்கு ஒற்றைத் தலையிடி பதின்மூன்று வயதில் தொடங்கியது. இப்போது நாற்பத்து மூன்று. முதலில் இடது கண் ஓரத்தில் மரம் அரிகிற வாளின் பல்லைப் போல ஒரு கோடு மினுங்கும். இருபது நிமிடம் அது வளர்ந்து வளர்ந்து போகும். பிறகு கண்ணுக்குப் பின்னால் இடி தொடங்கும். அதற்குப் பின்னாலேயே ஓங்காளம். இந்த ஓங்காளம்தான் என் கதை முழுவதும். சுமாட்ரிப்டான் குளிசை நல்ல மருந்து, ஆனால் போட்ட முக்கால் மணித்தியாலத்தில் சத்தி எடுத்தால் அது பேசினுக்குள் பாதி கரைந்தபடி கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்று போடலாமா, எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று யோசிக்கிற நிலையில் அந்த நேரம் மூளை இருக்காது. சத்தி வராவிட்டாலும் பிரச்சினை உண்டு. தலையிடி வந்த நேரம் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். குளிசை குடலுக்கு இறங்காமல் அங்கேயே இருக்கும். அதனால்தான் மூக்கு வழி.

ஸ்பிரே எழுதுவதற்கு முன் டாக்டர் பிரஷர் பார்த்தார், ஈ.சீ.ஜீ. எடுக்கச் சொன்னார், வீட்டில் யாருக்காவது இருதய வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா தந்தா என்று வாங்கி அடிக்கிற சாமான் இல்லை இது.

டாக்டரின் மருந்துத் துண்டைக் கொண்டு காலி வீதியில் நாலு பாமசி ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில் இருந்தது, ஆனால் கண்ணாடி அலுமாரியின் முன் தட்டில், பின்னேரம் கடல் பக்க வெயில் நேரே விழுகிற இடத்தில். பெட்டியில் 30 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. கொழும்பில் நிழலிலேயே 31, 32 வருகிற நாட்கள் எத்தனை! நின்ற தம்பியிடம் காட்டினேன். "அதுக்கு ஒண்டும் ஆகாது மிஸ், கனபேர் வாங்கிக்கொண்டு போறவை" என்றார். வாங்காமல் இறங்கினேன். நாலாவது கடையில் ஏ.சீ. இருந்தது. பெட்டி உள் அறையில் இருந்தது. காலாவதித் திகதிக்குப் பதினொரு மாதம் இருந்தது. விலை கூடத்தான். ஒரு ஸ்பிரேயின் காசுக்கு ஒரு மாதத்துக் குளிசை வாங்கலாம். ஆனால் அங்கேதான் இன்றைக்கும் வாங்குகிறேன்.

முதல் இரண்டு ஸ்பிரேயும் வீண் போயின. இதை வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

முதலாவது, வகுப்பில். வெள்ளவத்தையில் பின்னேர வகுப்பு, தாங்கற் கரைசல் பாடம், இருபத்தெட்டுப் பிள்ளைகள், தலைக்கு மேலே வெள்ளை டியூப் லைட். வெண்பலகையில் நான் எழுதிய சமன்பாட்டின் இடது பாதி எனக்கே தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். சளிக்கு அடிக்கிற ஸ்பிரேயை முதலில் காற்றில் ஒருக்கா அமத்திப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் இதையும் அமத்தினேன். மெல்லிய புகாராக வந்தது. அவ்வளவுதான். அதற்குள் இருந்தது ஒரேயொரு தடவைக்கான மருந்து, 0.1 மில்லிலீற்றர். இரண்டு துளியளவு. அது காற்றோடு போய்விட்டது. ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு வந்து "மிஸ், ஓட்டோ பிடிக்கட்டா?" என்று கேட்டது. கணக்கின் விடையைச் சொல்லாமலே வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது, வீட்டில். தலையைப் பின்னால் சாய்த்து, அடித்தவுடன் நன்றாக இழுத்தேன். மேலே ஏறட்டும் என்ற எண்ணம். அது மேலே ஏறவில்லை. மூக்கின் தரையால் வழிந்து தொண்டைக்கு இறங்கியது. வேப்பங்காயை மென்று அதில் பற்றரி நீரைக் கலந்தது போன்ற ஒரு கசப்பு. ஏற்கெனவே ஓங்காளத்தில் இருக்கிறவளுக்கு அந்தக் கசப்பே போதுமாக இருந்தது.

பெட்டிக்குள் இருக்கிற தாள் ஆங்கிலத்தில், அதுவும் பூதக்கண்ணாடி கேட்கிற எழுத்தில். தலையிடிக்காரர் தலையிடி நேரத்தில் அதை எப்படி வாசிப்பது? சுகமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாசித்து, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஸ்பிரே வைக்கிற சின்னப் பையில் ஒட்டி வைத்தேன். அதில் இருப்பது இதுதான்: மூக்கைச் சீறு. நிமிர்ந்து இரு, தலையைச் சாய்க்காதே. ஒரு பக்க மூக்கை விரலால் மூடு. மற்றப் பக்கத்தில் நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவு உள்ளே வை. வாயை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தபடி அடியை ஒரேயடியாக அமத்து. உறிஞ்சாதே. தலையை ஆட்டாமல் இருபது எண்ணு, மூக்கால் இழுத்து வாயால் விடு. மூன்றாவது தடவையிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். கசப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் தாங்கக்கூடிய கசப்பு. பிறகு ஒரு தோடம்பழ இனிப்பு வாயில் போட்டால் சரி.

கொப்பியில் இருக்கிற கணக்கு: பதினான்கில் முதல் இரண்டும் என் பிழையால் போனவை. மீதிப் பன்னிரண்டில் ஒன்பது வேலை செய்தன. ஆகக் கெதியாக இருபது நிமிடம், பெரும்பாலும் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். இடி முதலில் ஒரு படி இறங்கும், பிறகு வெளிச்சத்தைப் பார்க்க முடியும், பிறகு பிளேன்டீ குடிக்கலாம் போல இருக்கும். பிளேன்டீ ஆசை வந்தால் தப்பிவிட்டேன் என்று அர்த்தம். அந்த ஒன்பதில் இரண்டு தடவை இரவில் திரும்ப வந்தது. மூன்று தடவை வேலையே செய்யவில்லை. ஒன்று, தடிமனால் மூக்கு அடைத்திருந்த நாள். இன்னொன்று, கண்ணில் கோடு மினுங்கத் தொடங்கியவுடனே பயத்தில் அடித்தது. இடி தொடங்கும்போது அடிக்க வேண்டும், அதற்கு முன் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். மூன்றாவது, பரீட்சை மேற்பார்வையில் இருந்ததால் மூன்று மணித்தியாலம் பிந்தி அடித்தது. பிந்தினால் உதவுவது குறைவு.

பக்க விளைவு என்றால், கழுத்தும் தோளும் யாரோ அமத்திப் பிடித்தது போல ஒரு பத்து நிமிடம் இறுகும். முதல் தடவை பயந்தேன், இப்போது தெரியும். பிறகு நித்திரைத் தூக்கம். அடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து இதற்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். குளிசையை வைத்திருக்க முடியாத எனக்கு அந்த மூன்றரை பெரிய விஷயம். மீதி ஒன்றரை ஏன் குறைகிறது என்பதைத்தான் அண்ணாவின் மகளிடம் கேட்டேன். அவள் யாழ்ப்பாணத்தில் மருந்தாக்கவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது என் கொப்பியைப் புரட்டிவிட்டு, "மாமி, மூக்கால அடிச்சா நேரா மூளைக்குப் போகுது எண்டு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் காட்டிய எண்கள் என்னை ஆச்சரியப்படுத்தின. சுமாட்ரிப்டானை விழுங்கினால் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்குதான் இரத்தத்தில் சேரும். மீதியைப் போகிற வழியில் ஈரல் உடைத்துவிடும். தோலுக்குக் கீழே ஊசியாக ஏற்றினால் 96. மூக்கில் அடித்தால்? 17 அளவில்தான். குளிசையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஏனென்றால் அடிப்பதில் கன பங்கு தொண்டையால் இறங்கி, குளிசை போகிற அதே வழியில்தான் போகிறது. ஆனால் மூக்குத் தோலால் உறிஞ்சப்படுகிற பங்கு இரைப்பைக்காகக் காத்திருப்பதில்லை. கால் மணித்தியாலத்திலேயே வேலையைத் தொடங்க முடிகிறது. எனக்குக் கிடைத்த ஒன்பது வெற்றியும் அந்தச் சின்னப் பங்கின் வேலை.

மூக்கு ஒரு நல்ல காவற்காரன். உள்ளே வந்த எதையும் மயிரிழைகள் சளியோடு சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். மருந்துக்கும் அதே கதிதான். மூளைக்கு நேர்வழி என்று சொல்லக்கூடியது மூக்கின் கூரையில், மணம் அறிகிற நரம்புகள் ஓட்டையுள்ள மெல்லிய எலும்பால் மேலே ஏறுகிற இடத்தில்தான் இருக்கிறது. மனிதருக்கு அந்த இடம் மூக்கின் உட்பரப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. சாதாரண ஸ்பிரே அங்கே எட்டுவதே குறைவு. இன்னொரு வழி, முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிற முக்கிளை நரம்பு. அதன் கிளைகள் மூக்குக்குள்ளும் பரவியிருக்கின்றன. எனக்கு வலியைத் தருகிற அதே நரம்பு! இதைக் கேட்டபோது என்னையறியாமல் இடது புருவத்தைத் தடவிக்கொண்டேன்.

இங்கேதான் நானோ காவிகள் வருகின்றன. மருந்து மூலக்கூறுகளை 100, 200 நானோமீற்றர் அளவுள்ள ஒரு பொதிக்குள் வைத்து மூக்கில் விடுவது. ஒரு தலைமுடியின் தடிப்பு 80,000 நானோமீற்றர் அளவில் என்றால் பொதி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பொதி கொழுப்பால் இருக்கலாம், கைற்றோசானால் இருக்கலாம். கைற்றோசான் எனக்குப் பிடித்த கதை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள். மூக்குச் சளியின் மென்னமிலச் சூழலில் அதன் அமீன் கூட்டங்கள் நேர் ஏற்றம் எடுக்கும். சளியில் இருக்கிற மியூசின் எதிர் ஏற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மயிரிழைகள் தள்ளிக்கொண்டு போக முதல் மருந்துக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வகுப்பில் நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஏற்றக் கவர்ச்சி இங்கே ஒருவருடைய வலியோடு சம்பந்தப்படுகிறது. இந்த வருடம் அந்தப் பாடத்தை இதை வைத்துத்தான் தொடங்கினேன். பிள்ளைகள் கேள்வி கேட்டுக் களைத்துப் போனார்கள்.

கொழுப்புப் பொதியின் கதையைத் தேங்காய் எண்ணெயை வைத்து விளங்கலாம். நுவரெலியாவில் போத்தலுக்குள் உறையும், கொழும்பில் உருகி நிற்கும், ஏனென்றால் அதன் உருகுநிலை 24 பாகை அளவில். தனியே திண்மக் கொழுப்பால் பொதி செய்தால், நாள் போகப் போகக் கொழுப்பு மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகி, இடையில் இருந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். அதற்குத் தீர்வாகத் திண்மக் கொழுப்போடு கொஞ்சம் எண்ணெயையும் கலக்கிறார்கள். அடுக்கு குழம்பும், இடைவெளி இருக்கும், மருந்து அங்கே தங்கும். இன்னொரு முறையும் உண்டு. பொலொக்சமர் 407 என்ற பொருளைச் சேர்த்தால் குளிரில் தண்ணீராக இருந்து, மூக்கின் சூட்டில் களியாகிவிடும். அழகான எண்ணம். ஆனால் என் கைப்பைக்குள், மத்தியான நேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில், போத்தலுக்குள்ளேயே களியாகிவிடாதா என்று அவளிடம் கேட்டேன். "அதைத்தான் மாமி செய்யிறவை யோசிக்க வேணும்" என்றாள். 20 பாகை அறையில் செய்கிற மருந்து எங்கள் ஊரின் சூட்டையும் நினைத்துச் செய்யப்பட வேண்டும். சாதாரண ஸ்பிரேயையே வெயிலில் அடுக்கி வைக்கிற கடைகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

எலிகளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பொதிகள் மூளைக்குக் கூடுதலான மருந்தைக் கொண்டு சேர்த்திருக்கின்றன. ஆனால் எலியின் மூக்கில் ஏறத்தாழ அரைவாசி மணம் அறிகிற பரப்பு. எலி மோந்து வாழ்கிற உயிர். எலிக்கு ஏறியதெல்லாம் எனக்கு ஏறும் என்று எண்ண முடியாது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சுமாட்ரிப்டான் நீரை விரும்புகிற மூலக்கூறு, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பை இலேசில் தாண்டாது. அப்படியிருந்தும் எனக்கு வேலை செய்கிறதே? முக்கிளை நரம்பின் திரளும் மூளையுறையும் அந்தத் தடுப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. மருந்து மூளைக்குள் போகத்தான் வேண்டுமா, வாசலில் நின்றால் போதுமா என்று ஆராய்கிறவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. "நேரே மூளைக்கு" என்று யாராவது விளம்பரம் போட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானோ இல்லாமலே மூக்கு வழியைத் திருத்தியவர்களும் இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு சுமாட்ரிப்டான் தூளுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு முனையை வாயிலும் மறு முனையை மூக்கிலும் வைத்து ஊத வேண்டும். ஊதும்போது மேலண்ணம் தானாக மூடுவதால் மருந்து தொண்டைக்கு விழுவது குறையும். 2019இல் வந்தது 10 மில்லிகிராம் ஸ்பிரே, மோல்ற்றோசோடு ஒரு நீண்ட கொழுப்புச் சங்கிலி சேர்ந்த, சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைக் கலந்து, மூக்குத் தோலால் கெதியாக ஏறச் செய்தது. இரண்டும் நான் என் இரண்டாவது ஸ்பிரேயில் விட்ட பிழையை மருந்தின் பக்கமிருந்து திருத்துகிற முயற்சிகள். என் பாமசியில் இரண்டும் இல்லை.

பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது, அதுவும் முதலாவது கேட்டு, தலையிடி திரும்பி வந்தால் மட்டும், இரண்டு மணித்தியாலம் விட்டு. மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ இந்த வகை மருந்து எடுத்துக்கொண்டு வந்தால் மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். என் கொப்பியில் கூடியது மாதத்துக்கு மூன்று.

அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு இந்த வருத்தம் அவவிடமிருந்துதான் வந்தது. எழுபத்தொரு வயது. சாவகச்சேரியில் இருந்த காலத்தில் அவ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போதும் வரும், இப்போதும் சித்தாலேப பூசி, ஈரத் துணி போட்டு, லைற்றை நூர்த்துப் படுப்பா. நான் ஸ்பிரே அடித்து ஒரு மணித்தியாலத்தில் எழும்பி வந்து தேத்தண்ணி ஊத்துவதை ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, எனக்கும் உதை ஒருக்கா அடிச்சு விடன்" என்றா. அவவுக்கு ஐந்து வருடத்துக்கு முன் பைபாஸ் செய்தது. இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவ ஒன்றும் சொல்லவில்லை, துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டா.

2023 பங்குனியில் அமெரிக்காவில் சவெஜெபான்ற் என்ற மூக்கு ஸ்பிரேக்கு அனுமதி கிடைத்தது. 10 மில்லிகிராம். இது ஒற்றைத் தலையிடியில் பங்குள்ள சீ.ஜீ.ஆர்.பீ. என்ற புரதம், கலங்களில் தன்னை ஏற்கிற இடமான வாங்கியில் போய்ச் சேராமல் தடுக்கிற வகை, இரத்தக் குழாயைச் சுருக்குகிற வகை இல்லை. அண்ணாவின் மகள் இதைச் சொன்னவுடனே டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தேன். பாமசியிலும் கேட்டேன். அங்கே நிற்கிற பெண் மருந்தின் பெயரை இரண்டு தரம் எழுத்துக் கூட்டி எழுதி, வந்தால் கோல் பண்ணுகிறேன் என்று நம்பரை வாங்கி வைத்தா. அந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு ஏ.சீ. மட்டும் காரணம் இல்லை.

போன கிழமை வியாழக்கிழமை அம்மாவுக்கு வந்தது. காலை 10:20, வலது பக்கம், சத்தி இரண்டு தரம், பின்னேரம் 4:00 மணிக்குத்தான் கண்ணைத் திறந்தா. சீ.ஆர். கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி அவவுக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். அடுத்த கிளினிக் பங்குனி 18. கொப்பியையும் கொண்டு போகிறோம்.